விரிக்காத குடை

என் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை சாய்ந்து நிற்கிறது. துணி நேற்றுக் கடையில் வாங்கியது போல இருக்கிறது, கம்பி ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் இரும்பு நுனி மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. இதை வைத்திருந்தவர் இருபது வருடங்களுக்கு மேல் இதோடு கண்டியில் நடந்தவர். கண்டி மழையை அறிந்தவர்கள் இதை இலேசில் நம்பமாட்டார்கள்.

கண்டியில் நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடங்கள் பிடிப்பதில்லை. மலைமேல் நின்று வாவியைப் பார்க்கும் இடத்தை நான் சேர்ப்பதே இல்லை. அம்பிட்டிய வீதியில் பஸ் முக்கி முனகி கியர் மாற்றும் வளைவு, கட்டுக்கலைக் கோயில் மணி கேட்கும் சந்தி, வாவிக்கரைச் சுவரின் அலையலையான மேல்விளிம்பு, சந்தைக்குள் கறுவா வாசனை முடிந்து கருவாட்டு வாசனை தொடங்கும் இடம். இவ்வளவுதான். பிடிக்காதவர்கள் வாவியைப் படம் பிடித்துக்கொண்டு போகட்டும், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, படவரைஞர் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர் அவர். நான் கிளார்க்காக இருந்த அலுவலகத்தில் இந்த நகரத்து வீதிகளையெல்லாம் மையில் வரைந்தவர். கலியாணம் செய்யவில்லை, அம்பிட்டியவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயதில் கண் நரம்பு வற்றத் தொடங்கியது. மருந்தில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கண்டியைத் திரும்ப ஒருக்கால் கீற வேணும். இந்த முறை கண்ணாலை இல்லை. கூட வாறீரோ?"

ஒவ்வொரு மதியமும் நடந்தோம். ஓர் இடத்தில் நின்று கண்ணை மூடுவார், மூக்கையும் காதையும் தீட்டிக்கொண்டு நிற்பார், பிறகு தீர்ப்புச் சொல்வார். வாவிக் காட்சி பெயில். சுவர் பாஸ், விரலை வைத்துக்கொண்டே போகலாமாம். வெள்ளைத் தடி வாங்குங்கள் என்று நான் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "தடியைக் கண்டால் சனம் பாவம் பாக்கும். குடையைக் கண்டால் மழைக்குப் பயந்தவன் எண்டு நினைக்கும். எனக்கு ரெண்டாவது போதும்" என்றார். இரண்டு வருடத்தில் பார்வை முழுவதும் போய், வேலையும் போனது. குடை நுனியைத் தட்டிக்கொண்டு என் வேலை நாட்களிலெல்லாம் சந்தைக்குப் பின்னாலிருந்த தேநீர்க்கடைக்கு வந்துபோனார்.

அப்போதுதான் அவருடைய தம்பி, பள்ளிக்கூட ஆசிரியர், அண்ணனை ஊருக்குக் கூட்டிப்போக வந்தார். நல்ல மனிதர். கண் தெரியாத அண்ணன் தூரத்தில் தனியாகக் கிடக்கிறாரே என்று உண்மையாகவே கலங்கியவர். ஐயாவுக்கோ ஊருக்குப் போவதென்றால் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து மிச்ச ஆயுளைக் கழிப்பது என்று அர்த்தம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாள் அம்பிட்டியவிலிருந்து தேநீர்க்கடை வரை ஐயா துணையில்லாமல் நடக்க வேண்டும். நடந்தால் தம்பி தனியாகப் போவார். தவறினால் ஐயா பெட்டியைக் கட்டுவார். நான் வாயைத் திறக்கவே கூடாது.

மறுநாள் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். எங்களுக்கு விடுமுறை, அதற்கு முன் ஒரு போயாவிலும் ஐயா சந்தைப் பக்கம் வந்ததில்லை. ஐயா இறங்கிய வேகத்துக்குத் தம்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை. புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகைக்கு முன்னால் வெள்ளை உடுப்பும் பூத்தட்டுமாகக் கூட்டம். அதற்குள்ளும் நுழைந்து வெளியே வந்தார், சுவரைத் தொட்டார், விறுவிறுவென்று போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சந்தைத் திருப்பத்துக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டார். குடை நுனி இரண்டு தடவை தட்டியது, பிறகு தட்டவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கியது. ஆயுளில் மாமிசம் தொடாத அந்தச் சைவர் அந்தத் திருப்பத்துக்கு இறைச்சிக்கடை வாசனையைத்தான் நம்பியிருந்தார். போயாவுக்கு இறைச்சிக்கடை பூட்டுவார்கள் என்பது, அதை வாங்கியே அறியாதவருக்கு எப்படித் தெரியும்? தம்பி என்னைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்ப்பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கும் முஸ்லிம் நானா, ஐயாவின் நடையை நன்றாக அறிந்தவர், அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஐயா! இன்டைக்குப் போயா. எறச்சிக்கடை பூட்டி. இன்னும் பத்து எட்டு வைங்க, திரும்புங்க!"

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். பத்து எட்டு வைத்தார், திரும்பினார், கடைக்குள் போய் வழக்கமான வாங்கில் உட்கார்ந்தார்.

"இன்னொராள் சொல்லித்தானே அண்ணை வந்தனீங்கள்?" என்றார் தம்பி.

"ஓம். இஞ்சை நான் நிண்டால் ஏன் நிக்கிறன் எண்டு ரோட்டுக்குத் தெரியும். ஊரிலை ஆருக்கடா தெரியும்?"

தம்பி மூன்று தேநீருக்கும் காசு கொடுத்தார். திரும்பும்போது வாவிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. நானும் தம்பியும் குடையை விரித்தோம். ஐயா தட்டிக்கொண்டே நடந்தார்.

"அண்ணை, நனையிறியள். குடையை விரியுங்கோ."

"விரிச்சால் எனக்கு வழி தெரியாது. நீ விரிச்சுக்கொண்டு வா."

தம்பி சிறிது தூரம் அப்படியே வந்தார். பிறகு தன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்பிட்டிய ஏற்றம் முழுவதும் அண்ணனுக்குப் பின்னால் நனைந்தபடி நடந்தார். நானும் மடக்கினேன். அடுத்த நாள் காலை ரயிலில் அவர் தனியாகத்தான் போனார்.

ஐயா கண்டியிலேயே வாழ்ந்து கண்டியிலேயே கண்ணை மூடினார். செத்த வீட்டுக்கு வந்த தம்பிதான் இந்தக் குடையை என் கையில் தந்தார். சந்தைப் பக்கம் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது, எலுமிச்சம்பழக்கார நானாவும் இல்லை. போன வாரம் குடையை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். மழை வந்தது. பக்கத்தில் ஓடிய ஒரு பெண், "கையிலதான் குடை இருக்கே, விரிங்களேன்!" என்று கத்தினாள். விரிக்க மனம் வரவில்லை. ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, தேய்ந்த நுனியைத் தட்டித் தட்டி நடந்தேன்.