மெதுவம்மாவின் புருஷன்

பக்கத்து வீட்டு அம்மா முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவசரத்தில் ஏறியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ‘மெதுவம்மா’ என்று பேர் வைத்தார்கள். அந்த மெதுவுக்குத்தான் நகரசபை மறுநாள் பதக்கம் தருவதாக இருந்தது. வெளியூரிலிருந்து மகனும் மகளும் வந்து இறங்கிவிட்டார்கள்.

அம்மா பஸ்ஸில் இருந்த காலமெல்லாம் குடும்பத்தை ஓட்டியவர் அவர் கணவர். ஆலையில் இடுப்பு முறிந்து வீட்டோடு வந்த மனிதர். சமைத்தார், துவைத்தார், மகளுக்குப் பின்னல் போட்டார். மகன் செய்த வம்புக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் தாங்கித் தாங்கி நடந்துபோய்த் திட்டு வாங்கினார். தெருவில் அவரைப் பார்த்துச் சிரிக்காத வாய் இல்லை.

அன்று சாயங்காலம் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். வாழ்த்துச் சொல்லப் போன நானும் சோபாவில் இருந்தேன். அம்மா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார்.

“சின்ன வயசுலயே கணவரை இழந்து, ரெண்டு பிள்ளைங்களைத் தனியா ஆளாக்கியிருக்காங்க. விழாவுலயும் இதைத்தான் வாசிக்கப் போறாங்களாம். நீங்கதானே சார் இந்தத் தகவலைக் கொடுத்தது?” என்று மகனிடம் கேட்டாள்.

மகன் முகத்தில் ஈயாடவில்லை. மகள் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் கதவோரம் நின்ற அம்மாவின் கணவரிடம் திரும்பினாள். “ஐயா, நீங்க?”

அவர் மகனை ஒருதரம் பார்த்தார். “பக்கத்து வீடும்மா.”

நிஜமான பக்கத்து வீட்டுக்காரன் நான். எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எரிச்சலும் வந்தது. பெற்ற பிள்ளை உயிரோடு சாகடிக்கிறான், இந்த மனிதர் அதற்கு ஒத்து ஊதுகிறார்!

அறை வாசலில் நின்று அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அவரு என் புருஷன்மா. பிள்ளைங்களை ஆளாக்கினது அவருதான். இதை எழுதிக்கோ. விழாவுலயும் இதையே வாசிக்கச் சொல்லு. முடியாதுன்னா பதக்கத்தை அவங்களே வெச்சுக்கட்டும்.”

அந்தப் பெண் எழுதிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினாள்.

“ஏண்டா?” என்றார் அம்மா.

மகன் அப்பா பக்கம் திரும்பாமலே சொன்னான். “அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு நகரசபையில கேட்டாங்கம்மா. என்ன சொல்றதுன்னு தெரியல. வெக்கமா இருந்துச்சு. அப்பா இல்லைன்னு சொல்லிட்டேன்.”

 பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாங்கள் குடித்து வைத்த கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போனார். மகன் பின்னாலேயே ஓடினான்.

“குடுங்கப்பா, நான் கழுவறேன்.”

“விடுப்பா,” என்றார் அவர். “இது என் வேலை.”