நாள் பிந்தாத மாத்திரை

என் தம்பிக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று அப்பா சொன்னபோது எங்கள் வீட்டில் மிகவும் சந்தோஷப்பட்டது நான்தான். மாத்திரை இல்லையென்றால் நோயும் இல்லை என்று பத்து வயதில் நினைத்திருந்தேன்.

தம்பிக்கு எட்டு வயது. தரையிலிருந்து எழுவதென்றால் தொடைமேல் கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்வான். அதைப் பார்த்து அவனைக் கிழவன் என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, தசை கரையும் நோய், தீர்க்க மருந்தில்லை என்றார். ஸ்டீராய்டு மாத்திரையைச் சிலர் கொடுத்துப் பார்க்கிறார்கள், நடையைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கலாம், ஆனால் பையன் நடக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முகம் ஊதும், பசி கூடும் என்றும் எச்சரித்தார்.

அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். கடலுக்கடியில் மூச்சடக்கிப் பிழைத்த மனிதருக்கு எல்லா ஞானமும் அங்கிருந்துதான் வரும். டாக்டர் இப்பவே கொடுக்கச் சொன்னாரே என்று அம்மா கெஞ்சினாள். அப்பா மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

“ஏளா, மூச்ச மேலயே விட்டுட்டா அடியில போயி என்னத்த செய்ய? பய இப்ப நடக்கான்லா. நட நிக்கிற அன்னைக்குத்தான் இது வேணும்.”

அம்மா மேல்தட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தெருவில் கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வருடம், மாதா கோயில் திருவிழாவுக்குப் புறப்படும் காலையில் தம்பியால் எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தான், எங்களைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அழுதான். டப்பாவில் இருந்தது பழசாகியிருக்கும் என்று அப்பா அன்றைக்கே புது மாத்திரை வாங்கிவந்து, சோறு ஊட்டி, தன் கையாலேயே கொடுத்தார். தினமும் நாங்கள் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகம்தான் ஊதியது.

மறுபடியும் மதுரைக்குப் போனோம். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார், துணைக்கு நான். மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“நட நின்ன அன்னைக்கே குடுத்துட்டேன் சார். ஒரு நாள் பிந்தல.”

அந்த டாக்டர் பெரிய கோபக்காரர். வரிசையில் சத்தம் போட்டதற்கே சற்று முன்பு ஒருவரை விரட்டியிருந்தார். அப்பாவை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார். தம்பியின் தலையைத் தடவினார். பிறகு அப்பாவிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய டாக்டராலேயே அப்பாவிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்று, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.