வாத்துக் குஞ்சின் முந்நூறு பொத்தான்கள்

கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றின் பிரதி அதிபரும் ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியருமான சுந்தரலிங்கம் சேருக்கு, ஐம்பத்தேழாவது வயதில், ஒரு வாத்துக் குஞ்சின் முன்னால் தலைகுனிய நேர்ந்தது. அதை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பதுதான் முறை. எதையும் எழுத்தில் கேட்பவர் அவர்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கணிதத்தில் விசேட சித்தி பெற்று, முப்பத்து மூன்று வருடங்களாகக் கணிதமும் பயமும் கற்பித்து வருகிறார். காலை ஏழேகாலுக்குப் பாடசாலை வாசலில் நிற்பார். பையன்களின் கழுத்துப் பொத்தான் திறந்து கிடந்தால் நாடே திறந்து கிடக்கிறது என்பது அவருடைய கொள்கை. "அறுந்திட்டு சேர்" என்று யாராவது சொன்னால் திட்டமாட்டார். மேசை லாச்சியிலிருந்து பொத்தான் டின்னையும் ஊசி நூலையும் எடுத்து நீட்டுவார். அதைவிடத் திட்டே தேவலாம் என்பது பையன்களின் அபிப்பிராயம்.

அவர் இயற்றிய சட்டங்கள் இரண்டு. பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாத பொருள் பறிமுதலாகி இரும்பு அலுமாரிக்குள் போகும். மாதத்தின் கடைசி வெள்ளியன்று பெற்றோர் வந்துதான் மீட்க வேண்டும். தவறு செய்தவர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதில் பாதுகாவலரின் கையொப்பம் இருக்க வேண்டும். பாதுகாவலரோடு வந்துதான் அதை ஒப்படைக்க வேண்டும். "பாதுகாவலரோட வா" என்ற அவருடைய இரண்டு சொற்களைக் கேட்டு அஞ்சாத பிள்ளை அந்தப் பாடசாலையில் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, தரம் எட்டில் படிக்கும் ஸுமைராவின் புத்தகப் பையிலிருந்து கையடக்க கேம் கருவியொன்று பிடிபட்டது. அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. அதுவரை ஒரு புகாரும் இல்லை. சேர் கருவியை அலுமாரியில் வைத்தார். பிற்பகலில், இத்தகைய கருவிகள் பிள்ளைகளின் மூளையை எவ்வாறு அரிக்கின்றன என்று பெற்றோர் கூட்டத்தில் ஆதாரத்தோடு பேச வேண்டுமே என்று தோன்றியது. ஆதாரத்தை அம்பிட்டியவிலுள்ள வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கருவியை உயிர்ப்பித்ததும் அது ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வினா கேட்டது. வினாவை இரண்டு தரம் வாசித்துவிட்டு விடையெழுது என்று முப்பத்து மூன்று வருடங்களாக ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் சொல்லி வந்தவர், ஒரு தரம்கூட வாசிக்காமல் 'ஆம்' என்று அழுத்தினார்.

திரையில் ஒரு வாத்துக் குஞ்சு வந்தது. மஞ்சள் உருண்டை, அதற்கு றப்பர் சப்பாத்தும் மழைக்கோட்டும். காற்றில் கோட்டுப் பொத்தான்கள் முந்நூறும் பறந்து எட்டுத் தீவுகளில் சிதறிவிட்டனவாம். தாவித் தாவிப் பொறுக்க வேண்டுமாம். பொத்தான் தொலைந்த பிராணியைக் கண்டால் சேரால் சும்மா இருக்க முடியாது.

ஓடவிட்டார். மூன்றாவது அடியிலேயே குஞ்சு மலையிலிருந்து விழுந்தது. சேரின் தோள்கள் தாமாகவே இறுகின. லயத்தில் தேத்தண்ணி வாளியோடு சாக்கடைக் கானுக்குள் விழுந்த ஒன்பது வயது முதல், விழுந்தால் அடுத்து என்ன வசவு விழும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் குஞ்சு சின்னக் குடையொன்றை விரித்து, விழுந்த இடத்துக்கே மிதந்து வந்து இறங்கி, வாலை ஒரு தரம் உதறிவிட்டு, போவோமா என்பதுபோல் அவரை நிமிர்ந்து பார்த்தது. எருமை என்று சொல்லவில்லை. கடிதம் கேட்கவில்லை. இது தற்செயலாக இருக்கலாம் என்று கருதி, ஆய்வின் பொருட்டு, மேலும் பதினொரு தடவை வேண்டுமென்றே விழுத்திப் பார்த்தார். பதினொரு தடவையும் குடை விரிந்தது.

மனைவி சுகிர்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?"

"சிரிக்கல. பரிசோதிக்கிறேன்."

இரண்டு மணித்தியாலத்தில் நான்கு பொத்தான்கள் சேர்ந்தன. சேர் அன்று நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் கடைசி நிம்மதி.

மறுநாள் இடைவேளையில் ஸுமைரா வந்து மேசை முன்னால் நின்றாள்.

"கேமைத் திருப்பிக் கேட்க வரல்ல சேர்."

"பின்ன எதுக்கு வந்த?"

"அதை யாரும் ஓன் பண்ணாமப் பாத்துக்கொள்ளுங்க சேர். அதுல இருநூத்தித் தொண்ணூத்தெட்டுப் பட்டன் ஈக்கு. வாப்பாவும் நானும் போன லீவுல சேர்ந்து எடுத்தது. ரெண்டே ரெண்டுதான் மிச்சம். லைட்ஹவுஸ் உச்சியில ஈக்கு. வேணும்னுதான் எடுக்காம வெச்சோம். வாப்பா கட்டார்ல இருந்து வந்தாத்தான் எடுக்கிறது. போன்ல பேசக்குள்ள முதல்ல அதைத்தான் கேப்பாரு, பட்டன் ரெண்டும் பத்திரமா ஈக்கான்னு."

"அவ்வளவு பெறுமதியான சாமான ஸ்கூலுக்கு ஏன் கொண்டு வந்த?"

"ஆஸிகா நம்பல்ல சேர். காட்டத்தான் கொண்டு வந்தேன். வாப்பா அடுத்த வியாழன் வாறாரு. வெள்ளிக்கிழமை அவரே வந்து எடுப்பாரு."

நேற்று அழுத்திய 'ஆம்' எந்த வினாவுக்கான விடை என்பது சேருக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று அந்தக் கருவி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது.

"அலுமாரியில வச்ச சாமான் எங்கயும் போகாது" என்றார். சேவைக் காலத்தில் அவர் சொன்ன முதற் பொய். அந்த நேரம் கருவி அம்பிட்டியவில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பிள்ளை போனதும் தாள் எடுத்துக் கணக்குப் போட்டார். நான்கு பொத்தானுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்று நாற்பத்தொன்பது. இன்னும் பத்து நாட்கள். நாளொன்றுக்குப் பதினைந்து மணித்தியாலம். விடை சரியா என்று இரண்டு தரம் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. சரியான விடை ஒன்று இவ்வளவு கொடூரமாக இருக்கலாம் என்று அவர் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுத்ததில்லை.

திண்மங்களின் கனவளவை ஆயிரம் தடவை கற்பித்திருக்கிறார். ஒரு திண்மத்துக்குள் இறங்கி ஓடியதில்லை. குஞ்சைத் திருப்பினால் தீவே சுற்றியது. தீவோடு சேரின் தலையும் சுற்றியது. மடுல்கெல்ல பஸ்ஸின் எந்த வளைவிலும் வாந்தி எடுக்காத மனிதர், இரண்டாம் தீவின் மரப்பாலத்தில் எடுத்தார். சட்டைப் பையில் இஞ்சித் துண்டு குடியேறியது. வயிற்றுக் கோளாறு என்று எழுதி இரண்டு நாள் லீவு போட்டார். காரணம் முற்றிலும் உண்மை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை மாலை அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்ததைச் சுகிர்தா பார்த்துவிட்டாள்.

"என்னங்க, அழுறீங்களா?"

"ஊஞ்சல்ல இருந்து பதினாறாவது தடவையும் விழுந்தாச்சு."

"விழுந்தது வாத்துதானே?"

"ரெண்டு பேரும்."

கதை முழுவதையும் கேட்டாள். சிரிக்க வாயெடுத்தவள், கணவரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். "நகருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். இடப்பக்கத்தை அவர் பிடித்தார், வலப்பக்கத்தை அவள். ஓடுவது அவர், குதிப்பது அவள்.

"இப்ப குதி! குதி!"

"நான் குதிக்கிறது இருக்கட்டும், நீங்க மொதல்ல நேரா ஓடுங்க. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து இப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு ஓடுறீங்க."

அந்த ஒரு மணித்தியாலத்தில் பதினொரு பொத்தான்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு ஒழுங்காக வேகவில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து ஒரு தீவு, பாடசாலை விட்டு வந்ததும் இன்னொரு தீவு. ஓய்வுப் பாடவேளையில் சேர் அலுமாரி அறையைப் பூட்டிக்கொண்டு தனியாகக் குதித்துப் பார்த்தார். சுகிர்தாவின் பெருவிரல் இல்லாமல் குஞ்சு கடலையே நாடியது. காலையில் வாசலில் நின்றபோது கழுத்துப் பொத்தான்கள் வரிசையாகத் திறந்து போயின. அவர் ஒன்றையும் காணவில்லை. சேருக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதாகத் தரம் பத்துப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவன் தானாகவே பொத்தானைப் பூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றுகூடப் பார்த்தான்.

இரண்டாவது வியாழக்கிழமை மாலையில் எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. குறைந்த ஏழும் பனிச் சறுக்கல் தீவில் கிடந்தன. நாற்பது தடவை சறுக்கினார்கள். நாற்பது தடவையும் குடை விரிந்தது. முதல் நாள் தனியாகச் சிரிக்க வைத்த அந்தக் கருணை இப்போது சேருக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது திட்டிவிட்டுப் போ, சனியனே என்று குஞ்சிடம் கெஞ்சினார்.

வெள்ளி விடியற்காலை கடைசி முயற்சி. வழி தவறி, குஞ்சு கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் பொன்னாக மின்னின. ஒரு தாவல் போதும். சேரின் கை தானாகவே முன்னால் சாய்ந்தது. சுகிர்தாவின் பெருவிரலும் எழுந்தது.

"கைய எடு!" என்று கத்தினார். அது யாருக்கான கட்டளை என்று இருவருக்கும் தெரியவில்லை. குஞ்சைப் படி படியாகக் கீழே இறக்கிவிட்டுக் கருவியை அணைத்தார்.

"மெசின் பழுதாகி தானா அழிஞ்சிட்டுன்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் சுகிர்தா.

"முப்பத்து மூணு வருஷமா அந்தப் பதிலத்தான் கேட்டுக்கிட்டு வாறேன். எனக்குத் தெரியும்."

கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தார். எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். சிரிக்கவில்லை. பாதுகாவலர் என்ற இடத்தில் கையொப்பமிட்டாள்.

பத்து மணிக்கு ஸுமைராவின் வாப்பா லாபிர் பாடசாலைக்கு வந்தார். முந்திய நாள்தான் விமானத்திலிருந்து இறங்கிய களைப்பு, பக்கத்தில் ஸுமைரா. சேர் கருவியை மேசையில் வைத்தார், அதற்கு மேல் கடிதத்தை வைத்தார். பிறகு எழுந்து நின்றார். அந்த அறையில் எழுந்து நிற்பது வழக்கமாக மற்றவர்கள்தான்.

லாபிர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். ஸுமைரா கருவியைப் போட்டுப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் சேருக்கு என்ன செய்வதென்று தெரியும். அழும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர். அவள் அழவில்லை. எண்ணை ஒரு தரம் பார்த்தாள், சேரை ஒரு தரம் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"நாங்க எடுத்தது ஒண்டுமே இல்லையா சேர்?"

"இல்லம்மா. எல்லாம் நான் திரும்ப எடுத்தது. ஏழு எடுக்க முடியல. லைட்ஹவுஸ்ல ரெண்டையும் தொடல."

லாபிர் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "உண்மையச் சொல்லப் போனா சேர், ரெண்டு பட்டன் பத்து நிமிஷத்துல முடிஞ்சி போகும். அதுக்குப் பொறகு இவளோட என்ன பேசிறதுன்னு தெரியாம, பிளேன்ல கண்ணே மூடல்ல."

"அதுக்காக சேர் அழிச்சது சரியா வாப்பா?"

"சரியில்லதான் மகள்."

ஸுமைரா கடிதத்தை வாங்கி, சேர் வழக்கமாகப் பார்ப்பது போலவே மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒம்பது மிச்சம் ஈக்கு. ரெண்டு எங்கட. ஏழு சேர்ட. நாளைக்கு எங்கட வீட்டுக்கு வந்து எடுத்துத் தரணும்."

"அந்தப் பனிச் சறுக்கல் எனக்குத் தனியா வராதும்மா" என்றார் சுந்தரலிங்கம் சேர், கெஞ்சும் குரலில்.

பிள்ளையின் விரல் தாளின் அடியில் இருந்த கையொப்பத்தில் போய் நின்றது.

"தனியா வரச் சொல்லல்ல சேர். பாதுகாவலரோட வாங்க."