மாப்பிள்ளைக்காகக் காலிசெய்த காரியாலயம்

அரசாங்கத்துக்கு வாடகைக் கட்டடம் தேடுவது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். மாப்பிள்ளைக்கு மூன்று வாகனம் நிறுத்த இடம் உண்டா, மழைநீர் ஓடக் கான் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. மாத்தளையில், தோட்டத்துச் சனம் முதியோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் கொடுக்க வரும் ஒரு சின்னக் காரியாலயத்தில் வாடகை பைல் என் மேசையில்தான் கிடக்கிறது. உங்கள் மேசையிலும் அப்படி ஒன்று கிடந்தால் என் அனுதாபங்கள். எனக்கும் கொஞ்சம் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை

நாங்கள் இருந்தது ராசிக் ஹாஜியாரின் வீட்டில். மகளுக்கென்று கட்டிய வீடு. பிள்ளை வளரும்வரை சும்மா கிடப்பானேன் என்று இரண்டு வருடத்துக்குத் தந்தார். அரசாங்கத்தின் இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம், ஒரு நீடிப்பு, ஒரு "கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்". மனுஷன் முகம் சுளித்ததே இல்லை.

அதனால்தான் அன்று அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். "மிஸ், நீங்க வரக்குள்ள மகள் மூணாம் வகுப்பு. இன்னும் மூணு மாசத்துல நிக்காஹ். மாப்பிள்ளைய எங்க இருத்துறது, உங்க விசாரணைக் கவுண்டர்லயா?"

திறக்காத ஜன்னல்

பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். முதலில் கிடைத்தது பிரதான வீதியில் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடம். என் மனம் அப்போதே அங்கே குடியேறிவிட்டது. ஆனால் புதிதாக ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது: மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், இயற்கை வெளிச்சமும் காற்றும் உள்ள கட்டடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். எங்கள் மேலதிகாரி சேர் சுவர் சுவராகத் தடவி ஜன்னல் தாழ்ப்பாள் தேடினார். ஒன்றுகூட இல்லை. நாள் முழுக்க ஏசி ஓடினால் எங்கள் வருட ஒதுக்கீடு சித்திரைப் புத்தாண்டைத் தாண்டாது. உரிமையாளர் மட்டும் சளைக்கவில்லை. "ஜன்னல் தொறக்காதுதான் சேர். ஆனா பூட்டுற வேலையும் இல்லையே!"

தும்மல் குழு

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெருமாள் முதலாளியின் பழைய மிளகு ஸ்டோரைப் பார்க்கப் போனோம். உயரமான கூரை, இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள், பகலில் லைட்டே வேண்டாம். சுற்றுநிருபத்தை வைத்துக் கட்டியது போல இருந்தது. கட்டடம் பார்க்கும் குழுவில் மூன்று பேர், மூவரும் தும்மினோம். பிறகு வந்த அரச மதிப்பீட்டாளர் நாடாவைப் பிடித்துக்கொண்டே தும்மியதில் ஒரே சுவரை இரண்டு தரம் அளக்க வேண்டியதாயிற்று.

அவர் போட்ட வாடகை முதலாளி கேட்டதைவிடக் குறைவு. இவர் மாட்டேன் என்றால் அந்தப் பிள்ளையின் கலியாணப் பாவம் என் தலையில்தான். பயந்து பயந்து கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷமா மிளகு எனக்கு ஒரு சதம் வாடகை குடுத்ததில்ல மிஸ். நீங்க வாங்க."

பதிவேட்டில் இல்லாத பொருள்

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி பின்னேரம் சாவியைக் கொடுத்தோம். வெள்ளையடிப்பவர்கள் வாளியோடு வாசலிலேயே காத்திருந்தார்கள். மேசை, அலுமாரி, சுவர்க் கடிகாரம், பெயர்ப்பலகை என்று பொருட்பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக லொறியில் ஏற்றினோம். ஒரு ஆணியைக்கூட விடவில்லை. ஹாஜியார் கண் கலங்கி எங்களுக்காகக் கையேந்தி துஆ கேட்டார். "இடம் மாறிவிட்டோம்" என்ற அறிவித்தல் மட்டும் பதிவேட்டில் இல்லை. ஆகவே அதை எழுதி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

திங்கள் காலை எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. புதுப்பெண். "மிஸ், கதவைத் தொறந்தா ரத்தோட்டை முதல் பஸ்ல வந்த ஏழு பேர் நிக்கிறாங்க. டீ குடுத்து உக்கார வச்சிருக்கேன். ரெண்டு பேருக்கு இவரே அப்ளிகேஷனும் நிரப்பிக் குடுத்துட்டார். சீல் மட்டும்தான் இல்ல, குடுத்தனுப்புறீங்களா?"

மூன்றாம் வகுப்பிலிருந்து காத்திருந்த வீட்டில் அந்தப் பிள்ளை குடியிருந்தது ஒரே ஒரு நாள்தான். மறுநாளே, ஒரு நீடிப்புக் கடிதம்கூட இல்லாமல், காரியாலயம் திரும்பி வந்துவிட்டது.