மன்னிப்பைத் திருப்பி வாங்கப் போன கதை

சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை நடந்தது இது. இடம், ஹம்பேர்க்கில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிப் பழைய கட்டடம். எதையும் திகதியோடு ஞாபகம் வைத்திருப்பவன் என்று எங்கள் ஆட்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கெட்டதையும் திகதியோடு சொல்வதுதான் நியாயம்.

கீழ்வீட்டு ஜெர்மன்காரர் வந்து மணி அடித்தார். ஓய்வுபெற்றவர், படிக்கட்டுச் சுத்தத்துக்குத் தாமாகவே பொறுப்பெடுத்தவர். "கெல்லரில் மீன் மணம் மாதிரி ஒன்று. உங்களுக்கு..." என்று தொடங்கினார். வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை. மன்னிக்கவும், எங்கள் தவறு, உடனே அகற்றிவிடுகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

கெல்லர் என்பது கட்டடத்தின் அடியில் உள்ள நிலவறை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த சிறிய அறை உண்டு. எங்கள் அறையில் என் மனைவியின் சீலாக் கருவாடு இருந்தது. பருத்தித்துறையிலிருந்து அவளுடைய தங்கை அனுப்பியது. ஆகஸ்ட்டில் ஊருக்குப் போய்வந்த ஒருவர் தம் உடுப்புகளைக் குறைத்துக் கொண்டுவந்து தந்தது. நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது பொரிப்பதற்கென்று பைக்குமேல் பை சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

அவள் கடைக்குப் போயிருந்த நேரம். நான் பொதியை எடுத்து முற்றத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதோடு நிற்கவில்லை. கதவு கதவாகத் தட்டி மன்னிப்பும் கேட்டேன். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் நோர்வே அம்மா மட்டும், "மணமா? எனக்கு நல்ல மணமாகத்தானே இருந்தது" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனேன்.

திங்கட்கிழமை குப்பை வண்டி வந்து தொட்டியை வெறுமையாக்கிப் போனது. செவ்வாய்க்கிழமை மணம் இன்னும் கூடியது. கீழ்வீட்டுக்காரர் மறுபடி வந்தார். "எல்லாவற்றையும் எறிந்துவிட்டீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பின்னால் மனைவி நின்றாள்.

"எதை எறிஞ்சனீங்கள்?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திகதி திகதியாச் சொல்லுற மனுசன். கருவாடு எப்ப வந்தது?"

"ஆகஸ்ட்டில."

"மணம் எப்ப வந்தது?"

"போன சனி."

"அப்ப இவ்வளவு நாளும் கருவாடு நித்திரையோ?"

கீழ்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

மூவருமாகக் கெல்லருக்குப் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். அப்போது நோர்வே அம்மா ஒரு தட்டும் முள்ளுக்கரண்டியுமாக, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். எங்கள் அறைக்கு அடுத்த அறையைத் திறந்தார். ஒரு வெள்ளை வாளியின் மூடியைக் கழற்றினார். ஜெர்மன்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அதன் பெயர் ராக்ஃபிஸ்க். ஆற்று மீனை உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவிட்டு, நத்தாருக்கு முன் சமைக்காமலே உண்பார்களாம். வெள்ளிக்கிழமைதான் அவருடைய தம்பி ஒஸ்லோவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வாளியின் மூடியில் ஒரு வெடிப்பு.

"இதுவா மணம்? இது நத்தார் வாசனை அல்லவா!" என்று அவர் உண்மையாகவே வியந்தார். "சுவீடன்காரர் தகரத்தில் அடைத்து வைக்கும் மீனை நீங்கள் முகர்ந்ததில்லை. பின்லாந்துக்காரர் ஈஸ்டருக்குத் தின்னும் கறுப்புக் களியைக் கண்டதில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இந்த நாடுகளின் சாப்பாட்டைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. நிறைய வாசித்திருந்தேன். உப்பு, வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு. மணமும் இல்லை, குணமும் இல்லை என்று கலியாண வீட்டுப் பந்திகளில் பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். ஒரு வாய் தின்றதில்லை.

அன்று தின்றேன். நோர்வே அம்மா தம் சமையலறைக்கு எங்களை அழைத்துப்போய், மெல்லிய ரொட்டியில் மீனும் வெங்காயமும் புளித்த கிறீமும் வைத்துத் தந்தார். கீழ்வீட்டுக்காரர் கண்ணை மூடி விழுங்கி, "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். ஒரு ஜெர்மன்காரர் சாப்பாட்டைச் சுவாரஸ்யம் என்றால் அவருக்கு இன்னொரு துண்டு வைக்கக்கூடாது. மணம் இல்லை என்ற அபிப்பிராயத்தை நான் அந்த இடத்திலேயே கைவிட்டேன்.

மனைவி மென்றாள். யோசித்தாள். எழுந்துபோய் எங்கள் வீட்டிலிருந்து பச்சை மிளகாயும் புளிப்புக்குத் தேசிக்காயும் கொண்டுவந்தாள். வெங்காயத்தோடு அவற்றைப் பிசைந்து மீனின்மேல் வைத்துத் தின்றாள். "நல்ல மீன். முடிக்காமல் விட்டிருக்கினம்" என்றாள். நான் அதை நாகரிகமாக மொழிபெயர்க்க வாயெடுக்குமுன் அவளே ஜெர்மனில் அப்படியே சொல்லிவிட்டாள். நோர்வே அம்மா அந்தக் கலவையைச் சுவைத்து, கண்ணில் நீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டார். பிறகு ஆவலாக, "உங்கள் கருவாட்டை எப்போது தருவீர்கள்?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். "கருவாடு போனாப் போகட்டும். இனி இந்தப் படியில நான் எப்பிடி ஏறி இறங்கிறது? நாத்தம் பிடிச்ச வீட்டுக்காரி எண்டெல்லே பாப்பினம். நாளைக்குக் கதவு கதவாப் போய் அந்த மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ."

"அப்பிடியொரு வழக்கம் இஞ்சை இல்லையப்பா."

"இல்லாட்டி நீங்கள் துவங்குங்கோ."

போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஜெர்மன் மொழியில் எத்தனையோ விதம் தெரியும். திருப்பி வாங்க ஒரு சொல்லும் வரவில்லை. சனிக்கிழமை கேட்ட மன்னிப்பு தவறுதலாகக் கேட்கப்பட்டது, மணம் எங்களுடையது அல்ல, ஆகவே அதை மீளப்பெற்றுக்கொள்கிறேன் என்று ஒருவாறு ஒப்புவித்தேன். இரண்டாம் மாடி மாணவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோர்வே அம்மா, "நான் அதை வாங்கவே இல்லையே" என்றார்.

கீழ்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நேராக நின்று முழுவதையும் கேட்டார். "சரி, ஏற்றுக்கொள்கிறேன்" என்று கைகொடுத்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கும் அந்த மணம் வருகிறதா என்றுதான் அன்று கேட்க வந்தேன்."

தை மாதம் வேறொருவர் கையில் புதிய கருவாடு வந்து சேர்ந்தது. மனைவி ஜன்னலை அகலத் திறந்துவைத்துப் பொரித்தாள். நோர்வே அம்மா சோற்றோடு ஒரு பிடி பிடித்துவிட்டு, ருசி நல்லது, மணம்தான் கொஞ்சம் போதாது என்றார்.

இப்போதும் யாராவது வந்து மணி அடித்தால் மன்னிப்பு என் நாக்கு நுனிக்கு முந்திக்கொண்டு வருகிறது. அதை அங்கேயே நிறுத்திவைத்து, வந்தவர் தம் வாக்கியத்தை முடிக்கும்வரை கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.