மூன்று நாள் முன்னதாக மூடிய கடை

பெரியப்பா தன் போட்டோக் கடையை மூடப் போகிறார் என்று தெரிந்ததும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பலருக்கு அப்படி ஒரு கடை இருப்பதே ஞாபகம் வந்தது. பல வருடங்களாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். வந்தவர்கள் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பெரியப்பாவையும் வாசலில் நிறுத்திப் பிடித்தார்கள். அத்தனை வருடம் மற்றவர்களைச் சிரிக்கச் சொன்ன மனிதர், அந்தக் கடைசி மாதம் மற்றவர்கள் சொன்ன இடத்தில் நின்று சொன்னபடி சிரித்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். காலையில் தொழிற்சாலை பஸ் வந்து இருவரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் என்னைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல், பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கட்டடத்தை வாங்கியவர்கள் அதைத் தங்கும் விடுதி ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பெரியப்பா யாரையும் திட்டவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த படங்களின் பிரதி வேண்டுவோர் உடனே வரவும் என்று மூன்று மொழியில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். பெரிய கேமராவை ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மிஞ்சியது மாடியில் இருந்த நெகட்டிவ்கள்தான்.

அவை பழைய பிஸ்கட் டின்களில் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் பெரியப்பாவின் கையெழுத்தில் வருடமும் மாதமும் இருக்கும். பூஞ்சை பிடித்து ஒட்டிப்போனவற்றைக் கறுப்புப் பையில் போட வேண்டும், நன்றாக இருப்பவற்றை டின்னோடு அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அந்த வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். முதல் நாள் மிகக் கவனமாகச் செய்தேன். இரண்டாம் நாள் அலுத்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லாருக்கும் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருந்தது. இவர்களைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மயில் படம் போட்ட ஒரு நீல டின் கையில் கிடைத்தது. கொஞ்சம்கூடத் துருப்பிடிக்கவில்லை. உள்ளே இருந்த நெகட்டிவ்களும் நன்றாகத்தான் இருந்தன. அவற்றைக் கறுப்புப் பையில் கொட்டிவிட்டு, டின்னை என் புத்தகப் பையில் வைத்துக்கொண்டேன். வண்ணப் பென்சில்கள் வைக்க அது சரியாக இருந்தது. மறுநாள் காலை குப்பை லோரி வந்து கறுப்புப் பைகளை எடுத்துக்கொண்டு போனது.

அதற்கு அடுத்த நாள் ஓர் அம்மா வந்தார். கெலுகோரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். மகனுக்குப் பன்னிரண்டு வயதில் ஐசி என்ற அடையாள அட்டைக்காக இங்கே படம் எடுத்ததாகவும், அதில் ஒரு பிரதி வேண்டும் என்றும் சொன்னார். அவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் எந்தப் படிவத்தில் படிக்கிறான் என்று பெரியப்பா சாதாரணமாகக் கேட்டார். போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டதாக அவர் சொன்னார்.

வீட்டில் வெள்ளம் புகுந்து ஆல்பம் ஊறிப்போயிருந்ததாம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம். பிரித்தபோது முகங்கள் உரிந்து வந்துவிட்டன என்றார். பள்ளியில் எடுத்த படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளியாக நிற்கிறானாம். அவன் கைப்பேசியில் இருந்த படங்களும் விபத்தில் அதோடு போய்விட்டனவாம். இறப்பைப் பதிந்தபோது ஐசியை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்களாம். "முகம் மறந்துருமோன்னு பயமா இருக்குண்ணே," என்றார்.

பெரியப்பா தடித்த பதிவேட்டைப் புரட்டினார். ஏழெட்டுப் பக்கம் தள்ளி அந்தப் பெயரில் விரலை வைத்தார். அந்த மாதத்தில் அவர் முகம் மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இருக்குமா. நம்பர் இருக்கு. மேலதான் இருக்கும், உக்காருங்க."

அந்த அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது அவர் சட்டையெல்லாம் தூசி.

"பாப்பா, அந்த மாசத்து டின், மயில் போட்டது ஒண்ணு இருந்துச்சே. பாத்தியா?"

"பாக்கல பெரியப்பா," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, மழைத் தண்ணீர் ஒழுகிக் கெட்டுப்போனவற்றைத் தானே வீசியதாகவும், அதோடு அதுவும் போயிருக்கும் என்றும், தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னார். அந்த அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் எதுல உக்காந்தாண்ணே?"

பெரியப்பா உள்ளே இருந்த மர முக்காலியைக் காட்டினார். அந்த அம்மா போய் அதில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, கேமரா இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று நினைத்து நான் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா படிக்கிறியாமா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் போனதும் பெரியப்பாவிடம் ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லோரி எப்போது வந்தது என்று மட்டும் பெரியப்பா கேட்டார். முந்தைய நாள் என்றேன். அது தெரிந்தும் அவர் பின்சந்துக்குப் போய்க் காலிக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினார்.

"வீட்ல சொல்லாத," என்றார். "நானும் சொல்லமாட்டேன்."

மறுநாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடையைப் பூட்டினார். மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஏன் இந்த அவசரம் என்று அப்பா கேட்டார். வேலை முடிந்துவிட்டது என்றார் பெரியப்பா. என்மேல் உள்ள கோபத்தில்தான் மூடிவிட்டார் என்று நான் நம்பினேன். பல வாரம் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். பூஞ்சை பிடித்தவை என்று நாங்கள் வீசிய பைகள் எத்தனை என்பது அவருக்குத் தெரியும். அடுத்து யார் படியேறி வருவார்களோ, அவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் அவர் பயந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கடைதான் மூடியாகிவிட்டதே, இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வருவார்கள் என்றும், பூட்டிய கதவின்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள் என்றும் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.