குடிகாரனாக நான் சம்மதித்த விண்ணப்பம்

என் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் என்னைக் குடிகாரனாக எழுத நானே சம்மதித்தேன். நான் குடிப்பதில்லை. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டம்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரே ஒயின், கத்தோலிக்கப் பூசையில் எங்கள் பங்குச்சாமியார் அருந்துவது.

போன அக்டோபர். மகள் ஜெனிபர் பிளஸ் டூ. வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம். உதவித்தொகையில் பெரும்பங்கு முதல் சுற்றில் விண்ணப்பிப்பவர்களுக்கே போய்விடுமாம். அது கிடைக்காவிட்டால் என்னைப் போன்ற வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பயந்துபோய் மதுரையில் ஓர் ஆலோசகரைப் பிடித்தேன். மதிப்பெண்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

"இது எல்லார்ட்டயும் இருக்கு சார். வீட்ல சோகம் ஏதாச்சும் இருக்கா?"

இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டேன். ஆண்டவரே, வெட்கப்பட்டேன். குடிகார அப்பா, தோட்டக்கூலிக்குப் போகும் மகள் என்று அவரே கட்டுரை எழுதிக் கொடுத்தார். உண்மையாகவே கூலிக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீரை இரவல் வாங்க எங்களுக்கு என்ன உரிமை? நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று கூசவில்லை. அந்தோணியார் முன் முழந்தாளிட்டு, அந்தப் பொய் பலிக்க மன்றாடினேன். ஞாயிறு பூசையில் எதற்காக வேண்டிக்கொள்வது என்ற கருத்தைக் கொடுத்துவரச் சொல்லி, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாரிடம் மகளை அனுப்பினேன்.

பூசை தொடங்குமுன் உபதேசியார் மைக்கில் அறிவித்தார்: "ஆசிரியர் சவரிமுத்து குடிப்பழக்கத்திலிருந்து விடுபட வேண்டி, அவருடைய மகள்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் மகள்மேல் பாய்ந்தேன். அவள் அசரவில்லை.

"நம்மூர்ல சொன்னா மானம் போகுது. அங்கன எழுதி அனுப்புனா போகாதாப்பா?"

என் மன்றாட்டுக்கு வந்த முதல் பதில் அது. கட்டுரையைக் கிழித்தேன். அவளே எழுதினாள்: எங்கள் மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலைக்குள் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் வேண்டுமென்று தான் அடம்பிடித்ததையும், அங்குள்ள விவசாயிகளிடம் பேசியபிறகு குழம்பிப் போனதையும், அந்தக் குழப்பத்தோடு ஏன் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறாள் என்பதையும். நேர்காணலில் அதைப் பற்றியே கேட்டார்களாம். முதல் சுற்றிலேயே இடம், முழு உதவித்தொகை.

பிள்ளைக்கு எதில் உண்மையான ஆர்வம், ஏன் தங்களிடமே வர விரும்புகிறாள்: அவர்கள் தேடியது இதைத்தான். அதை அவர்களுடைய இணையதளத்திலேயே போட்டிருந்தார்கள். வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான் அதை மட்டும் படிக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, கேட்டதைக் கொடுக்காமலும் காப்பாற்றுகிறவர் நம் ஆண்டவர். உங்கள் பிள்ளைகளை உள்ளபடியே அவர் கையில் விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செபிக்கிறேன்.

இதையே போன ஞாயிறு கோயிலில் சாட்சியாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். மைக்கை வாங்கிக்கொண்டே உபதேசியார் சொன்னார்:

"நல்லாத்தேன் இருந்துச்சு சார். இதயாச்சும் அந்தப் பிள்ளையச் சொல்ல விட்டிருக்கலாம்."